சாச்சியின் சம்பள ஏற்றம்

எனது சாச்சி ஒரு குடும்பநல உத்தியோகத்தர். ஊரில் அவரை அந்தப் பெயர் சொல்லி யாரும் அழைப்பதில்லை. "மிஸ்ஸி" என்றுதான் சொல்வார்கள். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் மீனவர் குடும்பங்களும், சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்ட ஒரு வீட்டுத்திட்டமும் அடங்கிய பிரிவு அவருடையது. கர்ப்பிணித் தாய்மாரைப் பதிவு செய்வது, அவர்களைக் கிளினிக்கிற்கு வரவைப்பது, பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போய்த் தாயையும் சேயையும் பார்ப்பது, சிறு பிள்ளைகளின் நிறையைப் பார்த்துப் பதிவது, திரிபோஷ கொடுப்பது எல்லாம் அவரது வேலை. பதினேழு வருடமாக இதைச் செய்து வருகிறார்.

நான் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். பரீட்சை முடிந்ததும் தாதியர் பயிற்சிக்கு, அல்லது சாச்சியைப் போலக் குடும்பநல உத்தியோகத்தர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது எனது விருப்பம். அதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து சாச்சியின் சம்பளம் எங்கள் வீட்டுப் பேச்சாகிவிட்டது. "சாச்சிய இவ்வளவு காலமும் பாத்துமா இந்த ஆச?" என்று உம்மா கேட்டார். ஊரையெல்லாம் பார்க்கிற ஒருவரின் சம்பளம், பெற்ற மகளை அந்த வேலைக்கு அனுப்ப ஒரு தாயைத் தயங்க வைக்கிறது என்றால் அதில் ஏதோ பிழை இருக்க வேண்டும். அது என்னவென்று விளங்கிக்கொள்ள நான் சாச்சியிடமே போனேன். அவர் தனது பேசீட்டை எடுத்து என் கையில் தந்தார்.

அரச ஊழியரின் சம்பளம் ஓர் ஏணி போல எழுதப்பட்டிருக்கும். 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச நிருவாகச் சுற்றறிக்கையில் உள்ள மிகக் கீழ்த் தரத்தின் ஏணியைச் சொல்கிறேன். மாதச் சம்பளம் 24,250 ரூபாயில் தொடங்குகிறது. முதல் 10 வருடம் வருடத்துக்கு 250 ரூபாய் கூடும். அடுத்த 10 வருடம் 270, அதற்கடுத்த 10 வருடம் 300, கடைசி 12 வருடம் 330. முடிவில் 36,410 ரூபாய். வருடங்களைக் கூட்டினால் 42 வருகிறது. 18 வயதில் வேலைக்குச் சேருகிற ஒருவர் ஓய்வு பெறும் 60 வயதில்தான் ஏணியின் உச்சியைத் தொடுவார். ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டு போகிறவர்களும் வார்டு கழுவுகிறவர்களும் இப்படியான கீழ்த் தரங்களில் இருப்பவர்கள்தாம். சாச்சியின் ஏணி இதற்கு மேலே தொடங்குகிறது. தாதியரின் ஏணி இன்னும் வேறு. ஆனால் எல்லா ஏணிகளும் ஒரே மாதிரித்தான் செய்யப்பட்டிருக்கின்றன.

மாதத்துக்கு 250 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் சொச்சம். கடையில் ஒரு பிளேன்டீக்கும் அது காணாது.

இந்த ஏணி 2020 ஜனவரியில்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு நாட்டுக்கு என்ன நடந்தது என்பது நமக்கெல்லாம் தெரியும். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. அதே வருடம் ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபாய்க்குப் போனது. ஒரு வருட உழைப்புக்குக் கிடைக்கும் 250 ரூபாய் ஏற்றத்துக்கு அரை லீற்றர் பெற்றோல்தான் வாங்கலாம். அந்த மாதங்களில் சாச்சி ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு சாச்சாவின் சைக்கிளில் போனதையும், சில நாட்கள் கடற்கரை வழியே நடந்து போனதையும் நான் பார்த்திருக்கிறேன். அப்போது அவருக்கு அடிப்படைச் சம்பளம் கூடவில்லை. பின்னர் 2024இல் வாழ்க்கைச் செலவுப் படி 7,800 ரூபாயிலிருந்து 17,800 ஆக உயர்ந்தது. எல்லா அரச ஊழியருக்கும் பொதுவாகக் கிடைத்த உயர்வு அது.

சுகாதாரத் துறையில் பெரிய சம்பள உயர்வுகள் எப்படி வருகின்றன என்பதை 2024ஆம் ஆண்டில் பார்த்தோம். அந்த ஜனவரியில் வைத்தியர்களின் டி.ஏ.டி. கொடுப்பனவை 35,000 ரூபாயிலிருந்து 70,000 ஆக்க அமைச்சரவை அனுமதி வழங்கியது. அந்த 35,000 ரூபாயைத் தங்களுக்கும் தர வேண்டுமென்று 72 சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஆஸ்பத்திரிகளுக்கு இராணுவத்தினர் அனுப்பப்பட்டார்கள். வைத்தியர்கள் நாட்டை விட்டுப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. அவர்களை நிறுத்தி வைக்கக் கூடுதலாகக் கொடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரி ஒருவரால் நடப்பதில்லை. இரத்தம் பரிசோதிப்பவர், மருந்து கொடுப்பவர், ஊசி போடுபவர், தரை கழுவுபவர் எல்லாரும் சேர்ந்தால்தான் ஒரு நோயாளி சுகமாகி வீட்டுக்குப் போவார்.

எங்கள் உம்மும்மாவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிறது. மாதாமாதம் கிளினிக் மருந்து எடுப்பவர். வேலைநிறுத்த நாளொன்றில் ஓட்டோவுக்குக் காசு கொடுத்துப் போய், மருந்தில்லாமல் திரும்பி வந்தார். அன்று பின்னேரம் சாச்சி வீட்டுக்கு வந்தபோது உம்மும்மா கோபத்தோடு கேட்டார்: "வருத்தக்காரன வெச்சா சம்பளம் கேக்கிறீங்க?"

சாச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "சும்மா கேட்டா ஆரும் காது கொடுக்காங்க இல்ல உம்மா" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. உம்மும்மாவின் மருந்துக்கும் சாச்சியின் சம்பளத்துக்கும் இடையில் ஒரு சண்டையே இருக்கக்கூடாது. விலைவாசி கூடும்போது சம்பளமும் ஓர் ஒழுங்குப்படி கூடுமென்றால், இவ்வளவு பேர் வீதிக்கு இறங்க வேண்டியதில்லை. எந்தச் சங்கத்தின் குரல் பெரிதோ அதற்கு முதலில் கிடைக்கும் என்ற நிலை இருக்கும்வரை, அதிகம் கஷ்டப்படுவது சங்கமே இல்லாத நோயாளிகள்தாம்.

2025 பெப்ரவரியில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. அரச சேவையின் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் 24,250 ரூபாயிலிருந்து 40,000 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு கொடுத்த சில இடைக்காலக் கொடுப்பனவுகள் இதற்குள் சேர்க்கப்பட்டதால் உண்மையில் கூடியது 8,250 ரூபாய். அதுவும் 2025 ஏப்ரல், 2026 ஜனவரி, 2027 ஜனவரி என்று மூன்று கட்டமாக. ஆகக் குறைந்த வருடாந்த ஏற்றம் 250 ரூபாயிலிருந்து 450 ஆனது. ஒரு நாளைக்குப் பதினைந்து ரூபாய். அதே திட்டத்தில் மேலதிக நேரத்துக்கும் விடுமுறை நாள் வேலைக்கும் காசு கணக்கிடும் முறை மாற்றப்பட்டதால், மார்ச் மாதத்தில் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் மறுபடியும் போராடின. தாதியர் பலருக்குக் கையில் வரும் பணத்தில் ஒரு பெரும் பங்கு மேலதிக நேரத்தில் இருந்து வருவது. எனவே அடிப்படைச் சம்பளத்தில் கிடைப்பது மேலதிக நேரத்தில் போய்விடுமோ என்று அவர்கள் பயந்தார்கள்.

இதையெல்லாம் நான் வீட்டில் சொன்னபோது வாப்பா வேறொரு கேள்வியை எழுப்பினார். அவர் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். "எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கூட்டுறதுதான் பிழ" என்றார். கடையில் அக்கறையாக வேலை செய்யும் பையனுக்கு நோன்பு காலத்தில் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கொடுப்பார். "அரசாங்கமும் அப்படிச் செய்யட்டும். வேலை செய்றவங்களுக்குக் கூட்டிக் குடுக்கட்டும், சும்மா இருக்கிறவங்களுக்கு நிறுத்தட்டும்."

இது நியாயமான கேள்வி. சாச்சியும் அதை மறுக்கவில்லை. வருடாந்தச் சம்பள ஏற்றம் என்பது சட்டப்படி உழைத்துப் பெற வேண்டிய ஒன்று. வருட முடிவில் படிவம் நிரப்ப வேண்டும். வேலை திருப்திகரமாக இருந்தது என்று மேலதிகாரி கையொப்பமிட வேண்டும். ஆனால் படிவம் பெரும்பாலும் ஒரு சடங்காகிவிட்டது. வெயிலில் வீடு வீடாகப் போகிறவருக்கும், ஓரிடத்தில் இருந்து பதிவேட்டை நிரப்புகிறவருக்கும் ஒரே 'திருப்திகரம்', ஒரே ஏற்றம். "நான் இதுக்காக வேல செய்யல்ல மகள்" என்றார் சாச்சி. "ஆனா ரெண்டும் ஒண்டுதான் எண்டு கடதாசியில கண்டா மனசு விழுந்திரும்."

அப்படியானால் எதை வைத்து அளப்பது? அங்கேதான் சாச்சி வாப்பாவை நிறுத்தினார். "மச்சான், உங்கட கடையில வித்த சாமான எண்ணலாம். நடக்காமப் போனத எப்படி எண்ணுவீங்க?"

குடும்பநல உத்தியோகத்தரின் வேலை வெற்றி பெற்றால் ஒன்றும் நடக்காது. தாய்க்கு வலிப்பு வராது, பிள்ளைக்குத் தொற்று வராது, யாரும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருக்காது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. அந்த முறை நாடு முழுவதும் பரவி, கிராமத்துக்குக் கிராமம் மருத்துவ மாதுக்கள் போனார்கள். 1940களின் தொடக்கத்தில் இலங்கையில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1,500க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைய வருடங்களில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் 40க்குக் கீழே இருக்கிறது. அப்படி உயிர் தப்பிய ஒரு தாயைக் காட்டி, இவர் இன்ன மிஸ்ஸியால் தப்பினார் என்று யாரும் சொல்ல முடியாது.

சரி, பிறப்பு நிறையை வைத்து அளக்கலாமே என்று நான் கேட்டேன். 2.5 கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகள் எத்தனை என்று எண்ணினால் போதாதா? சாச்சி ஓர் உதாரணம் சொன்னார். பக்கத்துப் பிரிவில் ஆள் இல்லாததால் எட்டு மாதம் அதையும் அவரே பார்த்தார். அங்கே ஆசிரியர், உத்தியோகத்தர் குடும்பங்கள் அதிகம். தாய்மார் தாங்களே திகதி பார்த்துக் கிளினிக்கிற்கு வந்துவிடுவார்கள். பிள்ளைகளின் வளர்ச்சிக் கோடு மேலே போகும். அவரது சொந்தப் பிரிவில், மாரியில் கடலுக்குப் போக முடியாத மாதங்கள் வந்தால் அடுத்த நிறுவையில் பல பிள்ளைகளின் கோடு தட்டையாகிவிடும். அதே மிஸ்ஸி, அதே தராசு. ஒரு பிரிவில் அவர் கெட்டிக்காரி, மற்றதில் வேலை தெரியாதவர். முடிவை மட்டும் பார்த்துக் காசு கொடுத்தால் கடற்கரைப் பிரிவுக்கு ஒருவரும் வரமாட்டார்கள்.

வேலைக்கு வேலை காசு கொடுக்கும் முறை ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் 2005இல் தொடங்கிய திட்டத்தின் கீழ் கிராமங்களில் வேலை செய்யும் பெண்களை ஆஷா ஊழியர்கள் என்பார்கள். சாச்சி செய்வது போன்ற பல வேலைகளை அவர்களும் செய்கிறார்கள். ஆனால் அரசு அவர்களை ஊழியராகக் கணக்கெடுப்பதில்லை, தொண்டர்கள் என்கிறது. கர்ப்பிணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் இவ்வளவு, தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டு வந்தால் இவ்வளவு என்று ஊக்கத்தொகை உண்டு. மாதந்தோறும் ஒரு சிறு மதிப்பூதியமும் உண்டு. 2025 பெப்ரவரியில் கேரளத்து ஆஷா ஊழியர்களில் ஒரு பகுதியினர் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் இரவு பகலாக உட்கார்ந்தார்கள். தங்கள் மதிப்பூதியத்தை மாதம் 7,000 இந்திய ரூபாயிலிருந்து 21,000 ஆக்க வேண்டும் என்பது அவர்களது முக்கிய கோரிக்கை. அந்தப் போராட்டம் பல மாதங்கள் நீடித்தது. திறமைக்குக் கொடுக்கும் காசு, சம்பளத்துக்கு மேலே வைக்கும் பொருளாக இருக்க வேண்டும். சம்பளத்தின் இடத்திலேயே அதை வைத்தால் இதுதான் நடக்கும்.

இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. நமது நாட்டில் ஒரு தாய் இறந்தால் அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். பிறகு அந்தப் பிரதேசத்து வைத்தியர்களும் உத்தியோகத்தர்களும் கூடி எங்கே தாமதம் நடந்தது, எதைச் செய்திருந்தால் தப்பியிருப்பார் என்று ஆராய்வார்கள். இவ்வளவு தாய்மார் காப்பாற்றப்பட்டதற்கு அந்த ஒளிவுமறைவற்ற விசாரணையும் ஒரு காரணம். மரண எண்ணிக்கையைப் பார்த்துச் சம்பளம் கூடும் குறையும் என்று வைத்துவிட்டால், உண்மையைச் சொல்பவருக்கு நட்டம் வரும். மெல்ல மெல்லப் பதிவேடு அழகாகும், தாய்மார் ஆபத்தில் இருப்பார்கள்.

வாப்பாவின் கேள்வியையும் சாச்சியின் பதிலையும் சேர்த்து யோசித்தபோது எனக்குச் சில விஷயங்கள் தெளிவாகின.

முதலாவது, அடிப்படைச் சம்பளம் ஒரு குடும்பம் மரியாதையாக வாழப் போதுமானதாக இருக்க வேண்டும். விலைவாசியோடு அது கூட வேண்டும். அதற்கு வேலைநிறுத்தம் தேவைப்படக் கூடாது. உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த சமூகம் நாங்கள். 42 வருடம் காத்திருக்கச் சொல்லும் ஏணியில் வியர்வை எத்தனை தடவை உலர்ந்துவிடும்!

இரண்டாவது, கஷ்டத்துக்குக் கணக்கு வேண்டும். ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்பது பொதுவான அளவு. ஒருவர் இரண்டு பிரிவைப் பார்க்கும்போது அந்த மாதங்களுக்கு உரிய கொடுப்பனவு தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். போக்குவரத்துக் குறைந்த இடத்துக்கும் வறுமை கூடிய இடத்துக்கும் போகிறவருக்குக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும்.

மூன்றாவது, திறமையை அளப்பதென்றால் அவரது கையில் உள்ளதை அளக்க வேண்டும். கர்ப்பிணியை முதல் எட்டு வாரத்துக்குள் பதிந்தாரா? பிள்ளை பிறந்த முதல் பத்து நாளுக்குள் இரண்டு தடவையாவது வீட்டுக்குப் போனாரா? நிறை குறைந்த பிள்ளையை மறுபடி தேடிப் போனாரா? இவற்றை அந்தத் தாய்மாரிடமே கேட்டு உறுதி செய்யலாம். கடலில் மீன் படுவது அவரது கையில் இல்லை. அதற்காக அவரது ஏற்றம் குறையக் கூடாது. வார்டு போலப் பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில், பரிசு ஒருவருக்கு என்றில்லாமல் குழுவுக்கு என்றிருந்தால் தரை கழுவுபவரும் அதில் ஒரு பங்காளி ஆவார்.

வாப்பாவின் கடையில் ஒரு தராசு இருக்கிறது. வருடா வருடம் அதைப் பரிசோதித்து முத்திரை குத்த வேண்டும். முத்திரை இல்லாத தராசில் விற்றால் குற்றம். மத்யன் நகரத்து மக்களுக்கு ஷுஐப் நபி (அலை) அவர்கள் செய்த எச்சரிக்கையும் அளவையிலும் நிறுவையிலும் குறைப்பது பற்றியதுதான் என்று வாப்பா அடிக்கடி சொல்வார். நான் அவரிடம் கேட்டேன்: "அரிசி நிறுக்கிற தராசுக்கு முத்திர வேணும் எண்டா, மனிசர்ர உழைப்ப நிறுக்கிற தராசுக்கு?" வாப்பா சிரித்தார். "அதுக்கும் வேணும்தான். திறமைக்குக் கூடக் குடுக்கணும் எண்டு நான் இன்னும் சொல்றன். ஆனா தராசு சரியா இருக்கணும்" என்றார். சாச்சியும் அதை ஏற்றுக்கொண்டார்.

விண்ணப்பம் கோரி வர்த்தமானி அறிவித்தல் வரும்போது நான் விண்ணப்பிப்பேன். உம்மா இன்னும் முழு மனதோடு சரி என்று சொல்லவில்லை. சம்பள ஏற்றத்தைப் பற்றி நான் சொன்ன எதுவும் அவரது கவலையைத் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. நாட்டின் சம்பள ஏணியைத் திருத்துவது எங்கள் வீட்டில் முடிகிற காரியமல்ல. ஆனால் எது நியாயம் என்று தெரியாமல் கேட்பதைவிடத் தெரிந்து கேட்பது நல்லது.

இந்த மலரை வாசிக்கும் பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டு அலுமாரியில், பிறப்புச் சான்றிதழோடு, பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேடு இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். அந்த வளர்ச்சிக் கோட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒருவர் பிள்ளையைத் தராசில் இருத்தி, நிறை பார்த்து, கையால் இட்டது. அடுத்த முறை சுகாதார ஊழியரின் சம்பளம் பற்றி எங்காவது பேச்சு வந்தால் அந்தப் புள்ளிகளையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.